பேட்டரியை எடுத்தவர்

1 அக்டோபர், புதன்

மதியம் போன கரண்ட் இருட்டுகிற வரை வரவில்லை. மெழுகுவத்தி தேடினேன், கிடைக்கவில்லை. ஆவணியில் கல்யாணமாகி வந்தவளுக்கு இந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று இன்னும் பிடிபடவில்லை. பெரம்பூரில் நான் வேலை பார்த்த மருந்துக்கடையில் கண்ணை மூடிக்கொண்டு எந்த மாத்திரையையும் எடுத்துக் கொடுப்பேன். இங்கே, புளியங்குடிக்கு வெளியே, ஓர் எலுமிச்சைத் தோட்டத்துக்கு நடுவில், மெழுகுவத்திக்கு முழிக்கிறேன்.

மோட்டார் ரூமில் ஒரு டார்ச் கிடைத்தது. ஸ்டீல் டார்ச், நீளமானது, பழசு. எரியவில்லை. பின்மூடியைத் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. அதற்குள் என் கணவர் வந்துவிட்டார். என் கையில் டார்ச்சைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அத எடுக்காத, மேகலா. அது ஆவாது."

"என்ன ஆச்சு?"

"கட்டை ஊறி உள்ளயே பிடிச்சிட்டு."

"அப்போ தூக்கிப் போட்ரலாமே?"

"இருக்கட்டும்."

வாங்கி, அதே பலகையில், அதே இடத்தில் வைத்தார். எரியாத டார்ச்சை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? அதுவும் உள்ளே ஏதோ கட்டையாம். டார்ச்சுக்குள் யாராவது கட்டை வைத்து அடைப்பார்களா?

பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாததால் இந்த டைரியை ஆரம்பித்திருக்கிறேன். அவர் பேசுகிறார், ஆனால் கணக்காகப் பேசுகிறார்.

3 அக்டோபர், வெள்ளி

ஆவுடையக்கா வந்தார். என் கணவருடைய பெரியப்பா மருமகள், பக்கத்துத் தோட்டம். முறைக்கு எனக்கு ஓரகத்தி. ஊர் வம்பு முழுவதும் அவர் வழியாகத்தான் எனக்கு வந்து சேரும். இரண்டு பேரும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம்.

"அந்தியில தோட்டத்துப் பக்கம் தனியாப் போவாத பிள்ள. வடிவு அப்படித்தான் போனா, மோட்டார அமத்த."

வடிவு என்பது என் கணவரின் முதல் மனைவி. ஒன்பது வருஷத்துக்கு முன் விரியன் கடித்து இறந்துபோனாள். இதைக் கல்யாணத்துக்கு முன்பே சொன்னார்கள். சொன்னதோடு விடாமல் நானும் என் பங்குக்கு மூன்று பேரிடம் விசாரித்தேன். எல்லோரும் பாம்பு என்றார்கள். பாம்போடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஆவுடையக்கா நிறுத்தவில்லை.

"வெளிச்சம் இல்லாமப் போனா பாத்துக்க. கெடந்த பேட்டரிய கொழுந்தன் எடுத்துட்டாவல்லா. அது மட்டும் இருந்திருந்தா விரியன மிதிச்சிருப்பாளா அவ? இத நான் சொன்னேன்னு வெளிய சொல்லிராத."

கீரையை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன். அவர் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் என்று அவர் சொன்னது என் கணவரை. பேட்டரியை எடுத்துவிட்டார். டார்ச் இருந்திருக்கிறது, உள்ளே பேட்டரி இல்லை. எந்தப் புருஷன் பேட்டரியை உருவிவிட்டு வெறும் டார்ச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போவான்?

4 அக்டோபர், சனி

கீரை கசந்தது. அவர் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

6 அக்டோபர், திங்கள்

எனக்கு முப்பத்தொன்பது வயது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர் விடாமல் குறை கண்டுபிடித்தவள் என்று என் அண்ணன் தயாளன் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். உண்மைதான். ஒருவர் வாட்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், அது அவருடையது இல்லை என்று எனக்குத் தோன்றியது. இன்னொருவருக்குச் சம்பளம் எவ்வளவு என்றால் சிரிப்பு வந்தது. இவரிடம் மட்டும் எதுவும் தட்டுப்படவில்லை. பெண் பார்க்க வந்த அன்று, "எனக்கு ரொம்பப் பேச வராது, கோவமும் வராது" என்றார். குற்றாலிங்கம் என்ற பெயரும் பிடித்திருந்தது. நம்பிவிட்டேன்.

காலில் முள் குத்தினால் விளக்கெண்ணெய் தடவி ஊக்கு முனையால் வலிக்காமல் எடுக்கிறார். டவுனுக்குப் போனால் எனக்காக மெட்ராஸ் செய்தி போட்ட பேப்பர் வாங்கி வருகிறார். இவ்வளவு நல்லவராக இருப்பதுதான் இப்போது உறுத்துகிறது.

இன்று தோசை போடும்போது கேட்டுவிட்டேன். மனதில் வைத்துக்கொண்டு புழுங்க எனக்குத் தெரியாது.

"வடிவக்கா போன அன்னிக்கு, பேட்டரியை நீங்கதான் எடுத்தீங்களா?"

அவர் கை தட்டிலேயே நின்றது. யார் சொன்னது என்று கேட்பார், மறுப்பார், கத்துவார் என்றெல்லாம் நினைத்தேன்.

"ஆமா. நாந்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"அப்ப எனக்கு வேண்டியிருந்துச்சு."

"அந்த டார்ச்சை அப்புறம் தொடவே இல்லியா?"

"அவ போன பெறவு எரிச்சதில்ல."

பாதித் தோசையோடு எழுந்து கை கழுவினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். ஒரு கொலைகாரனோடு குடித்தனம் நடத்துகிறேனா இல்லையா? இது தெரிந்தாக வேண்டும். தெரிந்துவிட்டால் என்ன செய்வேன் என்பதை இப்போது எழுத வேண்டாம்.

7 அக்டோபர், செவ்வாய்

பேட்டரியில் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சடித்திருக்கும். மருந்துக்கடையில் இத்தனை வருஷம் இருந்தவளுக்கு எதை எடுத்தாலும் முதலில் தேதிதான் கண்ணில் படும்.

வடிவு இறந்த பிறகு அந்த டார்ச்சை எரித்ததே இல்லை என்கிறார். டார்ச் கையில் கனத்தது, எடுத்த பேட்டரியைத் திரும்பப் போட்டிருக்க வேண்டும். அப்படியானால் உள்ளே இருப்பது அவள் இருந்த காலத்துப் பேட்டரியாக இருக்க வேண்டும். அதற்குப் பிந்திய தேதி இருந்தால் அவர் சொன்னது பொய். பேட்டரி சிக்கியிருப்பதும் ஒரு விதத்தில் நல்லதுதான். சிக்கிய பிறகு யாரும் மாற்றியிருக்க முடியாது.

ஆனால் கண்டபடி நெம்பி எடுக்கக் கூடாது. மேலுறை கிழிந்தால் தேதியும் போய்விடும். கசிந்த பேட்டரி கையில் பட்டால் புண்ணாகும், கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். போனில் நாலைந்து வீடியோ பார்த்தேன். கத்தி, ஸ்க்ரூடிரைவரால் குத்தக் கூடாது, சூடு காட்டக் கூடாது, சுத்தியலால் அடிக்கக் கூடாது. இதில் எல்லோரும் ஒரே மாதிரிச் சொல்கிறார்கள், எனவே நம்பலாம்.

9 அக்டோபர், வியாழன்

அவர் எலுமிச்சை மண்டிக்குப் போனதும் டார்ச்சைத் திண்டில் வைத்து வேலையை ஆரம்பித்தேன். பழைய மருந்துக்கடையிலிருந்து கொண்டுவந்த கையுறை, மாஸ்க், படிக்கிற கண்ணாடி. ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்தேன்.

பின்மூடியின் திருகுவாயில் வெள்ளையாகப் பூத்திருந்தது. எலுமிச்சைக்கா இங்கே பஞ்சம்? சாறு பிழிந்து பஞ்சில் தொட்டுச் சுற்றிலும் வைத்தேன். லேசாக நுரைத்தது. துடைத்துவிட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு திருகினேன். மூடி முனகிக்கொண்டு கழன்றது.

உள்ளே கட்டையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பேட்டரிதான். உப்பிப்போய், அடிப்பக்கம் வெள்ளைப் பொடியோடு குழாயைக் கவ்விக்கொண்டிருக்கிறது. ஆக, கட்டை என்று சொன்னதும் பொய். எதற்கு இந்தப் பொய்? நான் திறந்து பார்க்காமல் இருப்பதற்கா?

சாக்கை நாலாக மடித்து, அதன் மேல் டார்ச்சின் வாயை மெல்லத் தட்டினேன். பொடி கொட்டியது. பேட்டரி வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் மூடிப் பழைய இடத்திலேயே வைத்தேன். சாக்கையும் உதறிவிட்டேன்.

சாப்பிடும்போது, "எலுமிச்சம்பழ வாசம் வருது" என்றார்.

"ஊறுகா போட்டேன்."

"எங்க?"

இதற்குப் பிறகு உட்கார்ந்து நிஜமாகவே ஊறுகாய் போட வேண்டியதாயிற்று. எதற்குக் கேட்டார்?

10 அக்டோபர், வெள்ளி

அண்ணனுக்குப் போன் செய்தேன். தலைதீபாவளிக்கு முறையாக அழைக்க அவனே நேரில் வருவதாக இருந்தது. இந்த வயதில் தலைதீபாவளி என்று சொல்லவே எனக்கு வெட்கம். இப்போது வெட்கப்பட நேரமில்லை.

"அந்தப் பொண்ணு சாகறதுக்கு முன்னாடி டார்ச்லேர்ந்து பேட்டரியை எடுத்துட்டாருண்ணே. அவரே ஒத்துக்கிட்டாரு."

"இன்னா சொல்ற நீ? உடனே கிளம்பி வா."

"ஒண்ணு பார்க்க வேண்டியிருக்கு. பார்த்துட்டுச் சொல்றேன்."

"அப்படி இன்னா பார்க்கணும்? உயிர் முக்கியமா, அது முக்கியமா?"

போனை வைத்துவிட்டேன்.

12 அக்டோபர், ஞாயிறு

பேட்டரி வந்துவிட்டது.

அவர் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தார், மதியம் வரை நேரம் இருந்தது. இந்த முறை முன்பக்கத்தையும் கழற்றினேன். கண்ணாடி, அதற்குப் பின்னால் இருக்கும் பளபளத் தட்டு, பல்பு, எல்லாம் வரிசையாகத் துணியில் வைத்தேன். பின்வாயின் ஓரத்தில் மறுபடி எலுமிச்சைச் சாறு, துடைத்த பிறகு சுற்றிலும் தேங்காயெண்ணெய் விட்டு நிமிர்த்தி வைத்தேன். எண்ணெய் இறங்குவதற்குள் சோறு வடித்தேன், துணி அலசினேன். பிறகு குழாயைப் படுக்க வைத்து, முன்வாய் வழியாக ஒரு மழுங்கலான மரக்குச்சியை விட்டு, குத்தாமல், அழுத்தமாக மட்டும் தள்ளினேன். முகத்தை வாய்க்கு நேரே வைக்கவில்லை. தள்ளிவிட்டு நிறுத்தி, இன்னும் கொஞ்சம் எண்ணெய், மறுபடி தள்ளல்.

தள்ளும்போது வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. என்ன என்று கவனித்தால், "பழசா இரு, பழசா இரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாருக்காக வேண்டிக்கொள்கிறேன் என்று எனக்கே கோபம் வந்தது.

கடைசியில் உப்பியது வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் மற்ற இரண்டும் சுலபமாக வந்தன. மேலுறை கிழியவில்லை. துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

மூன்றும் ஒரே மாதம், ஒரே வருஷம். வடிவு இறந்து ஐந்து வருஷம் கழித்துச் செய்த பேட்டரி.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். தேதியை மறுபடி பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மருந்து அட்டையில் நான் தேதியைத் தவறாகப் படித்ததே கிடையாது. அழுகை வந்தது. நன்றாக அழுதேன். பிறகு மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி என் பெட்டியில், புடவைக்கு அடியில் வைத்தேன். டார்ச்சை முன்போலவே பூட்டி வைத்தாயிற்று.

13 அக்டோபர், திங்கள்

அண்ணனிடம் தேதியைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காரோடு வருகிறான். அதுவரை சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இன்று எனக்குத் தலைவலி என்றதும் அவரே சுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தார். வாங்கி ஜன்னல் வழியாகக் கொட்டினேன். மனசு கேட்கவில்லை.

15 அக்டோபர், புதன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

சாயங்காலம் ஆவுடையக்கா வாசலில் வந்து நின்றார்.

"ஏ பிள்ள, ஒங்க பேட்டரியக் கொஞ்சம் தா. மாட்டுத் தொழுவத்துல பல்பு போயிட்டு."

சுவர்க் கடிகாரத்துக்கு என்று வாங்கிய புது பேட்டரி இரண்டு அலமாரியில் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். அவர் கையில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இத வச்சு நான் என்ன செய்ய?"

"நீங்கதானே பேட்டரி கேட்டீங்க?"

"இது கட்டைல்லா. அதுவும் சின்னக் கட்டை. நான் பேட்டரியக் கேட்டேன். லைட்டு, வெளிச்சம் அடிக்கிற லைட்டு. மெட்ராஸ்ல பேட்டரி கெடையாதாக்கும்?"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, அன்னிக்கு அவர் பேட்டரியை எடுத்துட்டாருன்னு சொன்னீங்களே, எதை எடுத்தாரு?"

"லைட்டத்தான். மாடு கயித்த அத்துக்கிட்டு ஓடிட்டு. தேடுததுக்குக் கொழுந்தன் பேட்டரிய எடுத்துட்டு மலையடிவாரம் வர போயிட்டாவ. வீட்டுல இருந்தது அது ஒண்ணுதான். அந்நேரம் பாத்துக் கரண்டு வந்து மோட்டார் ஓட ஆரம்பிச்சிட்டு, அத அமத்த இவ தோட்டத்து இருட்டுல ஓடினா. ஏன், என்ன செய்யுது ஒனக்கு? மொகமெல்லாம் வேர்க்கு."

என் போனைக் கொடுத்து, அதன் வெளிச்சத்தில் பால் கறந்துகொள்ளச் சொன்னேன். போனை நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது, பிடுங்கிக்கொண்டேன். அண்ணனைக் கூப்பிட வேண்டும். ஆவுடையக்காவின் மாடு இன்று இருட்டில்தான் பால் கொடுத்திருக்கும்.

"நான் தப்பாப் புரிஞ்சிக்கிட்டேண்ணே. இங்க பேட்டரின்னா டார்ச்சாம். பேட்டரியைக் கட்டைன்னு சொல்வாங்களாம்."

"உன்னை மிரட்டிப் பேச வைக்கிறான். எனக்குத் தெரியும். அப்போ அந்தத் தேதி? அதுக்கு இன்னா சொல்ற?"

ஒரு முடிச்சு அவிழ்ந்து ஒன்று பாக்கி இருக்கிறது. வராதே என்று எவ்வளவோ சொன்னேன். சந்தேகம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பொது.

16 அக்டோபர், வியாழன்

அவரிடம் சொல்ல வேண்டும் என்று நாலு முறை பக்கத்தில் போனேன். நாலு முறையும் "பசிக்குதா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

17 அக்டோபர், வெள்ளி

அண்ணன் வந்தான். அவர் வாசலுக்குப் போய், "வாங்க மச்சான்" என்று பையை வாங்கக் கை நீட்டினார். அண்ணன் பையைக் கொடுக்கவில்லை.

"மேகலா, பெட்டியை எடு."

"அண்ணே, உள்ள வந்து உட்காரு. நான் சொல்றேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். ஏன் மாப்ள, டார்ச்லேர்ந்து பேட்டரியைக் கழட்டி வச்சிக்கிட்டு பொண்டாட்டியை இருட்டுல அனுப்பினவர் நீங்க. உங்களை நம்பி என் தங்கச்சியை விட்டுட்டுப் போகணுமா?"

அவர் நீட்டிய கையை இறக்கினார். அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"கட்டையையா?" என்றார். "நான் கட்டையைக் கழத்துனேன்னா?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஆமா" என்றேன்.

வாசல்படியில் உட்கார்ந்தார். அண்ணன் தேதியைப் பற்றி ஆரம்பித்தான். நான் உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? திறந்து, மூன்று பேட்டரியையும் பார்த்தார்.

"எடுத்துட்டியா? எனக்கு வரவே இல்ல."

"நீங்க எரிச்சதே இல்லன்னீங்க. இது எப்படி உள்ள வந்துது?"

"எரிச்சதில்ல. வருசா வருசம் அவ திதிக்குப் புதுக் கட்டை வாங்கிப் போட்டு வைப்பேன். எரிக்க மனசு வராது. கட்டை இல்லாம வைக்கவும் மனசு வராது. பெறவு ஒரு வருசம் இது உள்ள பிடிச்சிட்டு. விட்டுட்டேன்."

அண்ணன் வேறு பக்கம் பார்த்தான்.

"பேட்டரிய எடுத்துட்டுப் போனது நாந்தான்" என்றார் அவர். "அத யாரும் எங்கிட்ட நேராக் கேட்டதில்ல. நீதான் கேட்ட. நீ கேட்டப்ப எனக்கு ஒரு பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சு. நீ கேட்டது வேறன்னு இப்பத்தான தெரியுது."

நான் அழுதுகொண்டிருந்தேன்.

"அப்படி நெனச்சுக்கிட்டேவா இத்தன நாளும் எனக்குச் சோறு போட்ட?"

"ஆமா."

"பயமா இல்லியா?"

"இருந்துச்சு."

"பெறவு ஏன் போகல?"

"நீங்க செய்யலன்னு தெரிஞ்சிக்கணும்னுதான் இருந்தேன். அதுக்குத்தான் இதை எடுத்தேன். வேற எதுக்கும் இல்ல."

அவர் டப்பாவை மூடினார். அண்ணனிடம், "சாப்பிட்டுட்டுப் போங்க மச்சான்" என்றார். அண்ணன் சாப்பிட்டான், தலை நிமிராமல். கை கழுவிவிட்டு, நான் வருகிறேனா இல்லையா என்று என்னைக் கேட்டான்.

நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார்: "நீ அண்ணன் கூடப் போறதுன்னாலும் போ. எனக்கு வருத்தமில்ல. எங்கூட இருக்கதுன்னா, இனி எதுவா இருந்தாலும் எங்கிட்டக் கேளு."

"நான் இங்கேயே இருக்கேன்" என்றேன்.

அவர் நம்பியது போலத் தெரியவில்லை.

18 அக்டோபர், சனி

காலையில் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. கிணற்றுக்குள் இருக்கும் குழாயின் அடிவால்வில் சருகு அடைத்திருக்கும் என்றார். யாராவது இறங்கித்தான் எடுக்க வேண்டும். படிக்கல் பாதி தூரத்துக்குத்தான் இருக்கிறது, அதற்குக் கீழே பாசி.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். மறுமுனையை எப்போதும் மோட்டார் ரூம் தூணில் கட்டுவாராம். நேற்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை அதிகமாகப் பேசாத மனுஷர், அந்த முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"தூண்ல கட்டலியா?"

"நீ பிடி."

"நழுவிட்டா?"

"பிடிச்சுக்கிடு."

இறங்கிவிட்டார். ஒரு முறை கால் வழுக்கி, முழுப் பாரமும் கயிற்றில் வந்தது. கிணற்றுத் திண்டில் காலை உதைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். வாய்விட்டு அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று நினைக்கிறேன். கீழேயிருந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று குரல் வந்தது. அவர் ஏறி மேலே வந்து நின்ற பிறகும் கயிற்றை விடத் தோன்றவில்லை. அவர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

உள்ளங்கை இரண்டும் உரிந்துவிட்டது. விளக்கெண்ணெய் தடவிவிட்டார். பேனா வழுக்குகிறது, எழுத்து கோணலாக வருகிறது. போதும்.